வளைவில் தெரியும் கைவண்ணம்

திருப்பூரிலிருந்து பல்லடம் தாண்டிக் கோவைப் பக்கம் போனால், செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம். சுற்று ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். நேர்ப்பாதையில் இன்ஜினின் சத்தம் காதை நிறைக்கும். ஆனால் ஒரு காரைச் செதுக்கிய கைகளின் அருமை தெரிவது வளைவில்தான்.

தளத்துக்குப் பெயர் தந்தவர் கோவையின் பஞ்சாலைத் தொழிலிலிருந்து பந்தயத்துக்கு வந்த எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் சிறிய இன்ஜினை வைத்து 1988இல் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே சிறிய இன்ஜின் என்றால், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை ஓட்டுநரின் கையும் காரின் செட்டப்பும். கோவையின் நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்தக் காரில்தான்.

செட்டப் டயரில் தொடங்குகிறது. பனியன் துணி இழுத்த பக்கம் நெகிழ்வதைப் போல, வளைவில் டயரின் ரப்பர் தரையைப் பற்றியபடியே பக்கவாட்டில் நெளிகிறது. பிடிப்பு அந்த நெளிவிலிருந்தே பிறக்கிறது. மென்மையான ரப்பர் அதிகம் பிடிக்கும், விரைவில் தேயும். காற்று கூடினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். குறைந்தால் ஓரங்கள் வெந்துபோகும்.

அந்த டயரை முழு அகலத்துக்கும் தரையில் அழுத்தி வைப்பதே சஸ்பென்ஷனின் வேலை. வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது, வெளிச் சக்கரத்தின் தலைப்பகுதியும் வெளியே சாயப் பார்க்கும். அதனால்தான் நிற்கும்போதே சக்கரங்களை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள். அதுதான் நெகட்டிவ் கேம்பர். காரின் சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும். முன்பக்கத்து பாரை இறுக்கினால் காரின் மூக்கு வளைவுக்கு வெளியே ஓடும். பின்பக்கத்து பாரை இறுக்கினால் வால் வீசும். இரண்டுக்கும் நடுவே, ஸ்டீயரிங் சொன்ன இடத்துக்குக் கார் தயங்காமல் திரும்பும் ஒரு புள்ளி உண்டு. மெக்கானிக் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஓட்டுநரிடம் கேட்டு, ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி அனுப்பித்தான் அதைக் கண்டுபிடிக்கிறார். கேட்பதிலும் காத்திருப்பதிலும் இருக்கிறது இந்தக் கலையின் நுட்பம்.

டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2005 ஜூன் 19 சாட்சி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், சாய்தள வளைவின் வேகத்தை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை. அவற்றை மாட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் மாட்டிய ஆறு கார்களே ஓடின. அவற்றில் ஒன்றான ஜோர்டன் அணியின் காரில் நரேன் நான்காம் இடம் பிடித்தார்.

சொந்தக் காரை மெருகேற்ற நினைப்பவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் நல்ல டயர், அடுத்து சரியான வீல் அலைன்மென்ட், பிறகு தரமான ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்துவது மேம்பாடே அல்ல. மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். வேகத்தைச் சோதிக்கப் பந்தயத் தளம் இருக்கிறது. அவிநாசி சாலை அதற்கான இடமல்ல.