அரூப ஓவியமும் நிழற்படச் சாட்சியும்

1950ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க அரூப ஓவியர் ஜக்சன் பொலொக் வரைந்துகொண்டிருக்கையில் ஹான்ஸ் நமூத் எடுத்த நிழற்படங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. நமூத்தின் படத்தொகுதி அரிசோனாப் பல்கலைக்கழகத்திலே பேணப்படுகின்றது.

ஓவியத்தின் முழுமையை இப்படங்கள் தரமாட்டா. பொலொக் அவ்வாண்டில் வரைந்த 'இலக்கம் 31' ஏறத்தாழ 5.3 மீற்றர் அகலமுடையது. அதன் வர்ணமும் பேரளவும் கறுப்பு வெள்ளைப் படத்தில் அடங்கா. ஆயின், நிலத்தில் விரித்த கித்தானைச் சுற்றி நடந்து, கோலிலிருந்து வர்ணத்தை ஒழுகவிடும் ஓவியரின் அசைவை அப்படங்களே காட்டுகின்றன. மட்டக்களப்பு வாவியில் வலை வீழ்ந்தபின் வீசியவனின் தோளசைவு தெரிவதில்லை. முடிந்த ஓவியமும் அத்தகையதே.

இதில் ஆபத்தொன்றும் உண்டு. இப்படங்களைக் கண்ட பலர் ஓவியத்தை விடுத்து ஓவியரையே நோக்கினர். கோடுகளின் ஒழுங்கு வெறும் ஆவேசமாகக் கொள்ளப்பட்டது. நிழற்படம் ஓவியத்துக்கு ஈடன்று. அது சாட்சி மாத்திரமே.

எனினும், 1978இல் சூறாவளியையும் 2004இல் ஆழிப்பேரலையையும் கண்ட மட்டக்களப்பிலே அச்சாட்சி அற்பமானதன்று. இப்பிரதேச ஓவியரின் முடிந்த படைப்புகளோடு, அவை உருவாகும் வேளையும் படமாக்கப்பட்டுப் பேணப்படல் வேண்டும். ஓவியம் அழிந்தபின் அதனைத் தேடுவோர்க்கு அதுவே எஞ்சும்.