எண்ணெய் பிறந்த கல்

மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிலில் தீர்த்தங்கரர் சிற்பங்களைத் தாங்கி நிற்கும் பாறை கெட்டியான பழங்கல். அதில் எண்ணெய் பிறக்க வழியில்லை. கிழக்கே கடலை நெருங்க நெருங்க நிலத்தின் குணம் மாறுகிறது. புதுச்சேரி தொடங்கித் தெற்கே காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள் விரிகின்றன.

இந்தப் படுகையில் இருக்கும் நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. கச்சா எண்ணெய் எடுப்பது ஊரறிந்த சேதி. ஆனால் எண்ணெய் தேங்கிய கல் வேறு, பிறந்த கல் வேறு. ஆண்டிமடம், சத்தப்பாடி என்று ஊர்ப் பெயர் தாங்கிய கிரெட்டேசியஸ் காலக் களிப்பாறைகளே இங்கே முக்கியமான தாய்ப்பாறைகள்.

தாய்ப்பாறையைக் கண்டறியும் முறைதான் அழகு. ஆழ்துளையிலிருந்து வரும் கல்துகளைக் கழுவி, அரைத்து, 100 மில்லிகிராம் அளவுக்குப் பொடி எடுக்கிறார்கள். பிரான்சில் 1970-களில் உருவான ராக்-இவால் கருவி அதைக் காற்றில்லாமல் சூடாக்குகிறது. 300 டிகிரியில், கல்லில் ஏற்கெனவே இருந்த எண்ணெய் ஆவியாகி வரைபடத்தில் ஒரு சிறு முகடு எழுகிறது. சூடு ஏற ஏற, மட்கிய பாசியும் இலையும் இறுகிய கெரோஜன் உடைந்து இரண்டாவது முகடு வருகிறது. அதன் உச்சி சுமார் 435 டிகிரியில் விழுந்தால் கல் எண்ணெய்ப் பக்குவத்தை எட்டிவிட்டது. 470-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வாயுதான்.

முதல் முகட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. துளையிடும் சேற்றில் கலந்த டீசலும் அதே இடத்தில் முகடு காட்டும். அனுபவசாலிகள் துகளை முதலில் கரைப்பானில் அலசிவிட்டு, மறுபடி சூடாக்கி, இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள்.