கண்ணை மட்டும் விட்டுட்டு...

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சிமடம் பக்கம் ஒரு அங்கன்வாடியில் தம்பி மகளை விடப் போனபோது, பாசி எடுக்கக் கிளம்பிய ஓர் அம்மா தன் மூணு வயசுப் பையனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு டீச்சரிடம் சொன்னார்: “ரொம்ப சேட்டை பண்ணுனா கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க டீச்சர்.” எல்லாரும் சிரித்தோம். நானும்தான். என் அம்மாவும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்.

சென்னை திரும்பும் ரயிலில் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. சட்டப்படி அதற்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அதுதான் சிக்கல்.

“பிள்ளையை அடிக்கக் கூடாதுன்னுதான் சட்டமே இருக்கே” என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை மனசில் வைத்துத்தான் அப்படிச் சொல்கிறோம். உடலை வருத்தும் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. நல்ல பிரிவு. தமிழ்நாடு இன்னும் முன்னாலேயே, 2003இல், கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்திப் பிரம்பைக் கீழே போடச் சொல்லிவிட்டது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது வரை. என் தொழில் பாஷையில் சொன்னால், வயசு ஆறு ஆனால்தான் அந்த ‘இஃப்’ கண்டிஷனுக்குள்ளேயே போக முடியும். அந்தப் பையனுக்கு மூணு. திருப்பி அடிக்கவோ, வீட்டில் வந்து ஒழுங்காகச் சொல்லவோ தெரியாத வயசுதான் வெளியே நிற்கிறது.

அப்படியானால் அங்கன்வாடிப் பிள்ளைக்கு எதுவுமே இல்லையா என்றால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். கேட்க கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தேவையற்ற’ துன்பம் என்று ஒரு சொல் அதில் உட்கார்ந்திருக்கிறது. தேவையான துன்பம் என்று ஒன்று உண்டா? தொடையில் ஒரு கிள்ளு எந்தப் பக்கம்? ஒரு கிள்ளுக்காக டீச்சரை ஜெயிலுக்கு அனுப்ப ஊரில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற மாட்டார்கள். ஏறவும் வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஐந்து ஆண்டுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் ஒரு படி வேண்டாமா?

இப்போது அந்த அம்மாவின் வாக்கியத்துக்கு வருவோம். 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பாதுகாவலரோ அவருடைய சம்மதத்தோடு வேறொருவரோ செய்யும் செயலைக் குற்றமாகக் கருதாது. மரணம், கொடுங்காயம் மாதிரி சில விலக்குகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்ததே, பாரதிய நியாய சன்ஹிதா, அதில் 27ஆம் பிரிவாக நம்பர் மட்டும் மாறி அப்படியே வந்திருக்கிறது. சம்மதம் வெளிப்படையாகவும் இருக்கலாம், குறிப்பாலும் உணர்த்தலாம். ‘தோலை உரிச்சிருங்க’ என்பதைவிட வெளிப்படையான சம்மதம் வேறென்ன வேண்டும்? கண்ணை விலக்கியதுகூட ஒரு மாதிரி விதிவிலக்குப் பட்டியல்தான்!

பிளே ஸ்கூல்களுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதில் அடி கூடாது என்று இருக்கிறது. வழிகாட்டுதல் வேறு, சட்டம் வேறு. என் பெரிய மனக்குறை அதுகூட இல்லை. அதே ஆணையம் பள்ளிகளுக்காகச் சொன்ன தண்டனைப் பட்டியலைப் படித்தால், பெஞ்ச் மேல் ஏற்றுவது, முட்டி போட வைப்பது, பையைத் தலையில் வைத்து நிற்க வைப்பது என்று பள்ளிப் பிள்ளையை நினைத்து எழுதியது தெரியும். மூணு வயசில் ஒழுக்கம் என்பது மூன்றே விஷயம்: சாப்பாடு, தூக்கம், மூத்திரம். வாயை அமுக்கிப் பிடித்து ஊட்டுவது, தூங்காத பிள்ளையைப் படுக்க வைத்துக் கையால் அழுத்துவது, டவுசரை நனைத்ததற்கு எல்லாரையும் விட்டுச் சிரிக்க வைப்பது, “முட்டை கிடையாது போ” என்பது. இதையெல்லாம் யாருமே தண்டனை என்று நினைப்பதில்லை. நம்ம கரையில் கூடுதலாக ஒன்று உண்டு: “கடல்ல கொண்டுபோய் விட்டுருவேன்.” அப்பா ராத்திரி கடலுக்குப் போயிருக்கும் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது?

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2013 தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்றிலிருந்து ஆறு வயசுக்கு இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்குக் கீழே பத்துக்கு ஒருவர் என்கிறது. மையத்தில் இருப்பது ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் அடுப்படியில். பணியாளர் எடை போட வேண்டும், போனில் பதிவு ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும். கடிக்கிற பிள்ளையைத் தனியே கூட்டிப் போய் பத்து நிமிஷம் பேச யாருக்கு நேரம்? ‘அடிக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஆள் தராத விதி, பாதி விதி.

சுவீடன் 1979இல் வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் தடை செய்தது, உலகிலேயே முதல் நாடாக. எனக்குப் பிடித்தது அந்தத் தடையைவிட, அதை அவர்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்து வீடுவீடாகக் கொண்டுபோனது. நம்மிடம் சத்துமாவுப் பாக்கெட் இருக்கிறது. பாம்பன் முதல் தனுஷ்கோடி வரை அங்கன்வாடியில் பதிந்த வீட்டுக்கெல்லாம் போகிறது. பின்பக்கம் நாலு வரிக்கு இடம் இருக்கும்.

ஊரில் இருந்தபோதே டீச்சரிடம் கேட்டேன், அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று. “என்னத்த சொல்ல? சரிம்மான்னு தலையாட்டிட்டு, பையன் கையில ஒரு பொம்மையைக் கொடுப்பேன். அன்னிக்கு பொம்மை இருந்துச்சு” என்றார்.