ஆழ்கடல் சுரங்கம்: ஆறாத தடங்கள்

ஹவாய் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, பசிபிக் கடலின் அடியில் விரிந்து கிடக்கிறது கிளாரியன் கிளிப்பர்டன் மண்டலம். 4,000 மீட்டருக்கும் கீழே, வெளிச்சம் எட்டாத அந்தச் சேற்றுப் பரப்பில் உருளைக்கிழங்கு அளவில் கரிய முடிச்சுகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் நான்கும் அவற்றில் உண்டு. பத்து லட்சம் ஆண்டுகளில் அவை வளர்வது சில மில்லிமீட்டர்தான்.

இவற்றை அள்ளலாம் என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதியைத் தரும் காங்கோவில் சிறுவர்களும் சுரங்கக் குழிகளில் உழைக்கிறார்கள். நிக்கலுக்காக இந்தோனேசியாவில் காடுகள் அழிகின்றன. கடலடியிலோ வெட்டக் காடில்லை, காலிசெய்ய ஊரில்லை, வெடிவைக்கவும் தேவையில்லை. 2021ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில், இயந்திரம் கிளப்பிய சேற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்குள்ளேயே நின்றது என்பதும் அவர்களுக்குச் சாதகமான செய்தி.

ஆனால் அந்த இயந்திரம் முடிச்சுகளோடு மேல்மண்ணையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. கடலடி உயிர்களில் மிகப் பல வாழ்வது அந்த மெல்லிய மேலடுக்கில்தான். கடற்பஞ்சுகளும் பவளங்களும் பற்றிக்கொள்ளச் சேற்றுக்கு நடுவே கெட்டியாகக் கிடைப்பவை முடிச்சுகளே. பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள கடலில், 4,000 மீட்டருக்கும் கீழே, முடிச்சில் முளைத்து மடிந்த ஒரு கடற்பஞ்சின் தண்டில் முட்டையிட்டு, அதை அணைத்தபடி அடைகாக்கும் ஆக்டோபஸை ஆய்வாளர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். முடிச்சு போனால் அந்தத் தண்டும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. கிளாரியன் கிளிப்பர்டன் மண்டலத்தில் இதுவரை தென்பட்ட 5,500க்கும் மேற்பட்ட விலங்கினங்களில் சுமார் 90 சதவீதத்துக்கு அறிவியல் பெயர்கூட இன்னும் சூட்டப்படவில்லை.

அங்கே 1979இல் ஒரு சோதனை இயந்திரம் ஓடியது. 44 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அதன் தடம் அப்படியே இருந்தது. சிறிய உயிர்கள் சில திரும்பியிருந்தன. ஓரிடத்தில் பற்றி வாழும் பெரியவை பெரும்பாலும் திரும்பவில்லை. பெரு கடலடியில் 1989இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் உழுத சால்களும் 2015இல் தெளிவாகவே தெரிந்தன.

பேட்டரிகளுக்கு இந்த உலோகங்களின் தேவையோ அத்தனை நிலையானதல்ல. நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் சில ஆண்டுகளிலேயே மின்வாகனச் சந்தையில் ஏறத்தாழ பாதியைப் பிடித்துவிட்டன. கடலில் எடுப்பதற்கு ஈடாக நிலச் சுரங்கம் எதையும் மூட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படியானால் இரண்டு அழிவும் சேர்ந்தே நடக்கும்.

1994இல் அமைந்த சர்வதேசக் கடற்படுகை ஆணையம் சுரங்க விதிகளை இன்னும் முடிக்கவில்லை. அதற்குள், 2025 ஏப்ரலில், அமெரிக்க அதிபர் தம் நாட்டுச் சட்டத்தின் கீழேயே உரிமம் வழங்குவதை விரைவுபடுத்த ஆணையிட்டார். சுமார் 40 நாடுகள் சுரங்கத்தை நிறுத்திவைக்கக் கோருகின்றன.

மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு ஆய்வு உரிமை பெற்றுள்ள இந்தியா அந்த வரிசையில் இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'வராகா' இயந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் இயங்கிக் காட்டியது. அந்தத் திறமை முதலில் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுக்கப் பயன்படட்டும். அந்தக் கணக்கு முடியும்வரை இந்தியாவும் நிறுத்திவைப்புக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும்.