கரையோர வாசகரும் காதற் கதைகளும்

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. ஜனரஞ்சக நாவலென்று அதனை ஒதுக்கிவிடுவோர் உளர். நெடுந்தீவுக் கரையிலே பருவத்துக்கு வந்து வாடியமைக்கும் மீனவரிடையே அங்கு காதல் முளைக்கின்றது. காற்று மாறினால் அவர்கள் புறப்பட்டேயாகவேண்டும். கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே வாழும் உச்சமுனை வாசகருக்கு இத்தடையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ரமணிசந்திரனின் நாவல்களிலோ தடை பெரும்பாலும் ஒரு தவறான எண்ணமே. ஒரு வார்த்தை பேசினால் தீரக்கூடியதை இருவரும் இறுதி அத்தியாயம்வரை மௌனத்தால் வளர்க்கின்றனர். ஆயினும் அட்டை கிழியும்வரை அவை கைமாறுகின்றன. தன்னை மதிக்கும் கணவனை வேண்டும் பெண்ணின் ஏக்கம் பொய்யன்று. விமரிசகர் நகைத்துவிட்டுக் கடந்துபோவது அந்த ஏக்கத்தையுந்தான்.

மர்ம நாவலின் நிலை வேறு. ராஜேஷ்குமாரின் விவேக் துப்புத்துலக்கும் கதைகளில் வேகம் உண்டு, ஊர் இல்லை. கோவையை எடுத்துவிட்டுக் கொழும்பை வைத்தாலும் கொலை அப்படியே நிற்கும். இத்தகைய கதைகளிற் கடல் வருமாயின், கள்ளக்கடத்தற்காரர் ஒளிவதற்கே வரும். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, காணாமற்போன வள்ளம் எங்கே ஒதுங்கும் என்று கணிக்கவல்ல மீனவரை எந்தத் துப்பறிவாளனும் இன்னும் விசாரிக்கக் காணோம்.