கே. பி. சுந்தராம்பாளின் நாடகக் கலை

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் இசை நாடகத்தின் முன்னணி நடிகை, பாடகி. கொடுமுடியில் பிறந்தவர். ‘கே. பி.’ என்ற எழுத்துகள் ஊரையும் தாயையும் குறிப்பவை: கொடுமுடி பாலாம்பாள். இன்றைய வாசகர்களில் பெரும்பாலோர் அவரை நெற்றி நிறைந்த திருநீறும் கையில் கோலுமாக நிற்கும் ஒளவையாராகவே அறிவர். அந்த உருவம் 1953-க்குப் பின் வந்தது. அதற்கு முன் அவர் மேடையில் யாராக இருந்தார் என்ற கேள்வியைத் தமிழில் போதுமான அளவு யாரும் கேட்கவில்லை. அவருடைய நாடக வாழ்வைத் திரைப்படங்களிலிருந்து தனியே பிரித்து மதிப்பிட முயல்கிறது இக்கட்டுரை.

மேடைக்கு வந்த வழி

வறுமையில் வளர்ந்த சிறுமி ரயிலில் பாடியதைக் கேட்டவர்கள் அவரை நாடகத்தில் சேர்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. யார் கேட்டார், யார் சேர்த்தார் என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. அது இங்கே முக்கியமல்ல. வேலு நாயர் குழுவில் அவர் முதலில் ஏற்ற வேடங்களில் ஒன்று நல்லதங்காளின் மூத்த மகன். பசியில் அழும் ஆண் குழந்தை அது. பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடியது என்று உருக்கமாக எழுதுவார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. பத்து வயதை ஒட்டிய ஒரு பெண்ணுக்கு மேடையில் கிடைத்த முதல் பயிற்சி ஆண் வேடத்தில் அமைந்தது. பெண் குரல் ஆணாக நின்று பாடினால் சபை ஏற்கும் என்பதை அவர் அப்போதே கற்றிருப்பார்.

அக்கால நாடகம் எத்தகையது என்பது தெரியாமல் இவரை மதிப்பிட இயலாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற முறையில் நடந்தன. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் என்ற நம்பிக்கையில் இரவு முழுக்க நாடகம் ஓடும். இரு நடிகர்கள் மேடையில்தான் முதன்முதலாகச் சந்திப்பார்கள். எனவே தர்க்கம் என்னும் பாட்டுச் சண்டை நடிப்பாகவும் உண்மையான போட்டியாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. எதிரே நிற்பவர் ராகத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறாரோ அங்கிருந்து எடுக்க வேண்டும். தடுமாறினால் சபை சிரிக்கும், வென்றால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். ஒலிபெருக்கி பரவாத காலம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். உயர்ந்த சுருதி அங்கே ஆடம்பரம் அல்ல, தொழிலின் தேவை.

கூத்து மேடையும் நாடக மேடையும்

இந்த உயர்ந்த சுருதியின் மரபை இன்றும் நேரில் கேட்கலாம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் செங்கம், போளூர் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலத்தில் இரவுதோறும் தெருக்கூத்து உண்டு. வேடக்காரர் திரைக்குப் பின் நின்று பாடத் தொடங்கும்போதே அந்த உச்சக் குரல் ஊரின் எல்லையைத் தொடும். மரபுப்படி அங்கே திரௌபதியும் சுபத்திரையும் ஆண்களே. துகிலுரியும் காட்சியில் ஆண் ஒருவர் திரௌபதியாக நின்று கதறும்போது கூடியிருக்கும் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். வேடம் கட்டியிருப்பவர் அடுத்த தெருவில் ஏர் ஓட்டுபவர் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான். குரல் பாத்திரத்தைச் சுமந்துவிட்டால் உடல் ஆணா பெண்ணா என்பது இரண்டாவதாகிவிடும்.

நாடக மேடை இதைத் தலைகீழாக்கியது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பெண் வேடமிட்டார்கள். மறுபுறம் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட குழுவை நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வருவோருக்காகத் தனி ரயில் விடப்பட்டதாகவும், அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் வழங்கியதாகவும் சொல்வார்கள். ஜப்பானில் இதே போன்ற ஒன்று எதிர்த்திசையில் நடந்தது. தகராசூக்கா ஊருக்குச் செல்லும் ரயில் பாதையில் பயணிகளைச் சேர்க்கக் கோபயாஷி இச்சிசோ என்ற ரயில் நிறுவன முதலாளி பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை உருவாக்கினார். 1914-இல் அது முதல் நிகழ்ச்சியை நடத்தியது. இங்கே நாடகம் ரயிலை வரவழைத்தது, அங்கே ரயில் நாடகத்தை வரவழைத்தது.

தகராசூக்காக் குழு இன்றும் நடக்கிறது. அங்கே ஆண் வேடத்துக்கென்றே பயிற்சி பெறும் நடிகையருக்கு ‘ஒத்தொகோயாகு’ என்று பெயர். இசைப்பள்ளியில் இரண்டாண்டுப் படிப்பு, நடை, குரல், நிற்கும் விதம் எல்லாம் பாடமாக உண்டு. பாலாமணியின் குழுவுக்குப் பள்ளியும் இல்லை, முதலீடு செய்யும் நிறுவனமும் இல்லை. அவரோடு அது முடிந்துபோனது. சுந்தராம்பாளின் கலையும் எழுதி வைக்கப்படாமல் போனதற்கு இதே காரணம்தான். திறமைக்குக் குறைவில்லை. திறமையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் ஏற்பாடு இல்லை.

கிட்டப்பாவுடன்

1926-இல் கொழும்பில் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினர். வள்ளி திருமணத்தில் கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. கிட்டப்பாவோடு மேடையேறும் ஸ்திரீபார்ட்டுகள் தோற்றுப் போவார்கள் என்ற பேச்சு அன்று இருந்தது. இவர் தோற்கவில்லை என்பதே அந்த இணையின் வெற்றிக்குக் காரணம். 1927-இல் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. மணவாழ்வு பிரிவும் மனத்தாங்கலுமாகவே சென்றது என்பதை இருவருக்குமிடையே எழுதப்பட்ட கடிதங்கள் காட்டுகின்றன. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளையுடை. எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்ற முடிவு.

இந்த முடிவைத் தியாகம் என்று போற்றாத கட்டுரை தமிழில் அரிது. போற்றட்டும். ஆனால் கலையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அங்கே ஓர் இழப்பு நிகழ்ந்தது. வள்ளி என்பவள் அழுது நிற்கும் பெண் அல்ல. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக்கொண்டே அயலானை மடக்கிக் கேள்வி கேட்பவள், கேலி பேசுபவள், வயோதிகனாக வந்தவனை விரட்டுபவள். அந்த வாய்த்துடுக்கும் சிரிப்பும் சுந்தராம்பாளின் கலையில் பாதி. 25 வயதில் அந்தப் பாதி மூடப்பட்டது. தகராசூக்காவில் மணம் செய்துகொள்ளும் நடிகை குழுவை விட்டு விலக வேண்டும் என்பது விதி. இங்கே விதி எழுதப்படவில்லை, ஊர் மனத்தில் இருந்தது. கணவனை இழந்த பெண் மேடையில் சிருங்காரம் பாடினால் 1930-களின் சபை எப்படிப் பார்த்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல், அது முழுக்க அவருடைய விருப்பம் என்று எழுதிவிடுவது எளிது.

துறவிகளின் வரிசை

அதன் பிறகு அவர் திரையில் ஏற்ற முதன்மை வேடங்களை அடுக்கிப் பார்த்தால் இது தெளிவாகும். நந்தனார் (1935), மணிமேகலை (1940), ஒளவையார் (1953), பூம்புகாரில் கவுந்தியடிகள் (1964), காரைக்கால் அம்மையார் (1973). ஆணான நந்தனாரை விட்டால் எஞ்சிய நால்வரும் இளமையை, உடலை, இல்லறத்தைத் துறந்தவர்கள். நந்தனாரும் இறைவனைத் தவிர வேறொன்றை நாடாதவர். ஒளவை இளமையை வேண்டாமென்று முதுமையைக் கேட்டுப் பெற்றவள், காரைக்காலம்மை பேயுருவைக் கேட்டுப் பெற்றவள். தயாரிப்பாளர்கள் அவருடைய வெள்ளைச் சேலைக்குப் பொருத்தமான கதைகளைத் தேடினார்கள். வேறு எதையும் அவரிடம் கேட்கவில்லை.

‘நந்தனார்’ படத்துக்காக அவர் ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் நடித்தார். ஆனந்த விகடனில் கல்கி, படத்தில் வரும் மரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்ற பொருளில் கிண்டல் செய்தார். அந்தக் கிண்டல் இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. அதில் பாதி நியாயம் உண்டு. அருகே வந்து முகத்தைப் பார்க்கும் கேமராவுக்கு ஏற்ற சிறு அசைவுகளை மேடை அவருக்குக் கற்றுத்தரவில்லை. நேராகச் சபையை நோக்கி நின்று, கையை ஓரளவு உயர்த்தி, பாட்டைத் தொடங்குவதே அவர் பழக்கம். ‘ஒளவையார்’ படத்திலும் வசனம் பேசும் இடங்களில் இந்த விறைப்பைக் காணலாம். கல்கி தவறவிட்டது மறுபாதியை. இசை நாடக நடிகரின் முகம் குரலில் இருக்கிறது. அதை எருமையோடு ஒப்பிட முடியாது.

‘ஒளவையார்’ படத்தில் பிள்ளையாரை நோக்கி அவர் பாட, யானைகள் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். ஜெமினி வாசன் எத்தனை யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சரி, காட்சியை நகர்த்துவது அந்தக் குரல்தான். சொல்லை முழுமையாக உச்சரித்து, அதன் கடைசி எழுத்தை மேலே தூக்கி நிறுத்துவார். விருத்தம் பாடும்போது ஒரு சொல்லில் கோபம், அடுத்த சொல்லில் கெஞ்சல், அதற்கடுத்த சொல்லில் உரிமை என்று மாறுவது காதில் விழும். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கோபித்து நிற்கும் முருகனிடம் ஒளவை பேசும் இடத்தில் அந்தப் பழைய வள்ளியின் சாமர்த்தியம் சற்றே தலைகாட்டுகிறது. பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பாட்டியின் கொஞ்சலுக்குள் தர்க்கம் செய்யும் நடிகை ஒளிந்திருக்கிறாள். அவருடைய திரைக்காட்சிகளில் மிகச் சிறந்தது இதுவே. பிற்காலப் பக்திப் படங்கள் பலவற்றில் அவர் வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறார். பாட்டு நன்றாகவே இருக்கும், பாத்திரம் என்று ஒன்று இருக்காது.

பொதுவாழ்வும் பெருமைகளும்

விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். கூட்டம் சேர்க்க அவர் பெயர் போதும் என்பதைத் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். 1950-களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்.

எஞ்சியிருப்பவை

மேடைக் காலத்திலிருந்து இன்று கைக்குக் கிடைப்பவை இசைத்தட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். மேடையில் அரைமணி நேரம் விரிந்த தர்க்கத்தை மூன்று நிமிடத்துக்குள் அடைக்கும்போது முதலில் வெட்டப்பட்டவை ராகத்தின் விரிவும் எதிர்ப்பாட்டும். சுவைஞர்கள் அவற்றைச் சங்கீதமாகக் கேட்டு, ராகம், பிருகா, சுருதி என்று பேசுகிறார்கள். அவற்றை நாடகக் காட்சியின் துண்டுகளாகக் கேட்கும் பழக்கம் வரவில்லை. அப்படிக் கேட்பவர், யாரிடம் பாடுகிறாள், என்ன கேட்கிறாள், எந்தச் சொல்லில் வெல்கிறாள் என்று குறித்துக்கொண்டே போகலாம். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் வள்ளி திருமணம் போடும் நடிகைகளுக்கு இந்தக் காது உண்டு. சுந்தராம்பாளின் இசைத்தட்டுகளை அவர்களோடு உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு பாட்டும் நாடகத்தில் எங்கே வரும், அப்போது எதிரே யார் நிற்பார், சபை எங்கே கைதட்டும் என்று எழுதி வைக்கும் வேலை இன்னும் தொடங்கப்படவில்லை.