நடையும் நிலமும்

ஏரிக்கரைச் சாலையில் காரில் போகிறவனுக்கு நிலம் ஒரு காட்சி மட்டுமே. காட்சியின் முன் மனம் உடனே பெயரடைகளைத் தேடுகிறது. பயண எழுத்தில் பெரும்பகுதி இந்தப் பெயரடைகளால் ஆனது. நிலத்தை எழுதுவது வேறு, நிலத்தின் முன் தனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை எழுதுவது வேறு. இரண்டாவதையே முதலாவதாக எண்ணி வாசிக்க நாம் பழகிவிட்டோம்.

ஸ்விட்ஸர்லாந்தில் லெமான் ஏரியின் வடகரையில் லொஸானிலிருந்து வெவே வரை சுமார் 20 கிலோமீட்டர். லாவோ என்ற திராட்சைப் பிரதேசம் இது. வலப்புறம் ஏரி, அதற்கப்பால் ஆல்ப்ஸ். இடப்புறம் கற்சுவர்கள் தாங்க, படிப்படியாக ஏறும் தோட்டங்கள். லுத்ரி, குய்யி, எப்பெஸ் என்று ஊர்கள். ஊருக்கு ஊர் நிலவறைகளில் ஷஸ்ஸலா திராட்சையின் வெள்ளை ஒயின். இங்கே மூன்று சூரியன்கள் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்புவது ஒன்று, சுவர்க்கல் பகலில் வாங்கிவைத்து இரவில் விடும் வெப்பம் ஒன்று. பயணி இதை எழுதிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிவிடலாம்.

அந்தச் சுவர்களின் கதை 11ஆம் நூற்றாண்டுத் துறவிகளிடமிருந்து தொடங்குகிறது. சரிவு செங்குத்தானது. மழை மண்ணை அடித்துக்கொண்டு கீழே போகும். அதை முதுகுக்கூடையில் மறுபடி மேலே சுமப்பது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. சாலையிலிருந்து பார்க்கையில் இந்தச் சுமை தெரிவதில்லை. அழகான கோடுகள்தாம் தெரிகின்றன.

ஷார்ல்-ஃபெர்தினான் ரமு (1878-1947) இந்த நிலத்தை 1923இல் ஒரு நாவலாக்கினார். தலைப்பைத் தமிழில் 'கவிஞன் வந்துபோதல்' எனலாம். அந்தக் கவிஞன், பெஸ்ஸோன், கூடை முடைபவன். ஊருக்கு வருகிறான், உட்கார்ந்து முடைகிறான், போய்விடுகிறான். சம்பவம் என்று அதிகமில்லை. ஆனால் தத்தம் வரிசைக் கொடிகளோடு தனித்துக் கிடந்தவர்கள், பொவார் போன்ற உழவர்கள், தங்கள் வேலைகள் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை என்று உணரத் தொடங்குகிறார்கள். பெஸ்ஸோனும் வெளியிலிருந்து வந்த பயணிதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் அவன் அந்த ஊருக்குத் தேவையான ஒரு பொருளைக் கையால் செய்கிறான். பார்ப்பதற்கான உரிமையை அவன் வேலையால் சம்பாதித்துக்கொள்கிறான்.

ரமுவின் மொழிக்கும் இதில் பங்குண்டு. அவர் எழுதுவது மோசமான ஃபிரெஞ்சு என்று குற்றம் சாட்டினார்கள். 1926இல் அவருக்கு ஆதரவும் எதிர்ப்புமாக ஒரு தொகுப்பே வந்தது. அவருடைய வாக்கியங்கள் தயங்கும், சொன்னதையே சொல்லும், காலம் மாறும். வழுவழுப்பான வாக்கியம் நெடுஞ்சாலை மாதிரி. மண்வெட்டியோடு படியேறுகிறவன் அப்படிப் போக முடியாது. நடை என்ற ஒரே சொல்லில் நாம் காலின் இயக்கத்தையும் எழுத்தின் இயக்கத்தையும் குறிக்கிறோம். ரமுவை வாசிக்க இதைவிட நல்ல சொல் கிடையாது.

குறையும் இருக்கிறது. பெஸ்ஸோனின் கூடைக்குள் எல்லாம் மிகச் சுலபமாக இணைந்துவிடுகின்றன. கூலி, கடன், ஒயினின் விலை ஆகியவை பின்னணிக்குப் போய்விடுகின்றன. உழைப்பைச் சடங்காக உயர்த்தும்போது உழைப்பவனின் கணக்கு மறைந்துவிடும் அபாயம் உண்டு. ரமு இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை.

1977இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து லாவோவின் பாதுகாப்பை மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது. கட்டடங்கள் நிலத்தை விழுங்காமல் தடுக்க இது தேவைதான். ஆனால் சட்டத்தால் நிலத்தோற்றத்தைக் காக்க முடியும், நிலத்தோடு ஒருவனுக்குள்ள உறவைக் காக்க முடியாது. ரமுவும் 1997இல் 200 ஃப்ராங்க் நோட்டில் ஏறினார். அந்த வரிசை நோட்டுகள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. நோட்டு எண்ணுகிறவன் அதிலுள்ள முகத்தைப் பார்ப்பதில்லை. இது என் தொழில் எனக்குச் சொல்லித்தந்தது.

நாவலில் இன்னும் அந்த மனிதன் உட்கார்ந்து முடைந்துகொண்டிருக்கிறான். அங்கே போய்வந்து எழுதுகிறவர்கள், தங்கள் கைகளில் என்ன கொண்டுபோனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.